ஒறம்பரை உள்ளே வரக்கூடாது

சரவணக்குமாருக்குத் தன் தாய்மாமனைப் பார்க்க வேண்டும். அதற்காக அவன் முதலில் அடித்தது தன் பெண்டாட்டியைத்தான். நான் கையில் டீ பிளாஸ்க்கோடு பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ‘அடிக்கவே இல்லை, கை பட்டுவிட்டது’ என்று அவனுடைய ஒறம்பரைகள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். எங்கள் பக்கத்தில் சொந்தபந்தத்தை ஒறம்பரை என்போம். பொய்யைக்கூடக் கூட்டமாக வந்து சொல்வார்கள் என்பதால் கேட்கிறவனுக்கு உண்மை மாதிரியே இருக்கும். என்னிடம் அது நடக்காது. கை பட்டால் உதடு கிழியாது.

என் பெயர் சாமியாத்தாள். நெருப்பெரிச்சலில் அந்தத் தனியார் ஆஸ்பத்திரிக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கிறேன். பேக்கரி என்றால் கேக் கடை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், எங்கள் ஊரில் டீக்கடைக்கு அதுதான் பெயர். டீ, தேங்காய் பன், முட்டை பஃப்ஸ். விடிந்தால் பனியன் கம்பெனிக்காரர்கள், வெயில் ஏறினால் நோயாளிகள், பொழுது சாய்ந்தால் இரண்டு கூட்டமும். புருஷன் போன பிறகு கடை என் கைக்கு வந்தது. அதோடு வாயும் நீண்டுவிட்டது.

அது ஐப்பசி மாதம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. தீபாவளி ஆர்டர் அவசரத்தில் ஊரில் ஒரு தையல் மெஷினும் நிற்கவில்லை. அந்த அவசரத்தோடு ஃப்ளூ காய்ச்சலும் வந்து சேர்ந்தது. என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் இருமினார்கள். என்னவென்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

“பஞ்சுங்க்கா.”

பனியன் தைக்கிற எங்கள் ஊரில் காற்றிலேயே பஞ்சு பறக்கும். மூக்கில் ஏறும், தொண்டையில் ஒட்டும், டீயில் மிதக்கும். அதனால் எங்கள் ஆட்கள் இருமினாலும் பஞ்சு என்பார்கள், தும்மினாலும் பஞ்சு என்பார்கள். உடம்பு கொதிக்கிறதே என்றால் அயர்ன் டேபிள் பக்கத்தில் நின்ற சூடு என்பார்கள். கொரோனா வந்துபோன பிறகும் இந்தப் புத்தி மாறவில்லை. காய்ச்சல் என்று ஒப்புக்கொண்டால் வீட்டில் படுக்க வேண்டும். பஞ்சு என்றால் வேலைக்குப் போகலாம் பாருங்கள்.

சரவணக்குமாரும் பஞ்சு என்றுதான் சொன்னான். பத்துப் பன்னிரண்டு தையல் மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளிடம் வேலை வாங்கித் தைத்துக் கொடுக்கிறவன் அவன். அவனிடம் வேலை பார்த்த வடக்கத்திப் பையன்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு படுத்தார்கள். இவன் மட்டும் இருமிக்கொண்டே ஓடினான். ஒருநாள் காலையில் என் கடை வாசலிலேயே புருஷன் பெண்டாட்டிக்குப் பேச்சு நடந்தது.

“ஏனுங்க, இருமல் நிக்கவே மாட்டேங்குது. உடம்பும் சுடுதுங்க. ஆஸ்பத்திரிக்கு வந்து ஒருக்கா டெஸ்ட் எடுத்துப்போடுங்க” என்றாள் அவன் பெண்டாட்டி சித்ரகலா.

“அட, பஞ்சு அம்மிணி. கட்டிங் டேபிள்ல நின்னா வராம என்ன பண்ணும்?”

“பஞ்சு சுடுமாங்க?”

“நீ நர்ஸ் வேலையெல்லாம் அங்க வெச்சுக்க. எங்கிட்ட வேண்டாம்.”

நர்ஸ் வேலை என்று அவன் இளக்காரமாகச் சொன்ன வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி மாடியில் இருக்கும் டயாலிசிஸ் ரூமுக்கு அவள்தான் இன்சார்ஜ் சிஸ்டர். கிட்னி போனவர்கள் அங்கே வந்து படுப்பார்கள். கையில் தடி ஊசி குத்தி, ரத்தத்தை மெஷினுக்கு விட்டு, சுத்தம் பண்ணித் திரும்ப உடம்புக்கே ஏற்றுவார்கள். நாலு மணி நேரம் கை அசையாமல் கிடக்க வேண்டும். நமக்கு வருகிற காய்ச்சல் ரசத்தில் போய்விடும், அவர்களுக்கு வந்தால் நேரே நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று சித்ரகலா சொல்வாள். போன வருஷ மழையில் டயாலிசிஸுக்கு வந்த ஒரு டீச்சரம்மாவை அப்படிப் பறிகொடுத்தாள். என் கடையில் உட்கார்ந்து அவள் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதனால் இந்த ஐப்பசி பிறந்ததுமே அவள் கறாராகிவிட்டாள். காய்ச்சல் என்றால் யாரும் டூட்டிக்கு வரக்கூடாது. நோயாளியைப் பார்க்க ஒருத்தரும் உள்ளே போகக்கூடாது. ‘பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை’ என்று டாக்டர் அச்சடித்து ஒட்டியதை ஜனங்கள் மதிக்கவில்லை. பார்வையாளர் என்பது வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு பழப்பையோடு உள்ளே போனார்கள். சித்ரகலா அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஸ்கெட்ச் பேனாவில் ‘ஒறம்பரை உள்ளே வரக்கூடாது’ என்று எழுதி ஒட்டினாள். அது எல்லோருக்கும் புரிந்தது. புரிந்ததால்தான் கோபமும் வந்தது.

இவ்வளவு கறார் பேசினவள் ஒரு காரியத்தில் கோட்டை விட்டாள். ஆஸ்பத்திரி ஆட்களுக்கென்று ஃப்ளூ தடுப்பூசி புரட்டாசியிலேயே வந்து ஃப்ரிட்ஜில் இருந்தது. போட்டால் கை வலிக்கும், ஒருநாள் லீவு ஆகும், நோம்பி போகட்டும் என்று எல்லோரும் தள்ளிப் போட்டார்கள். இங்கே தீபாவளிதான் பெரிய நோம்பி. ஆயா செல்லத்தாயும் போட்டுக்கொள்ளவில்லை, டெக்னீஷியன் பாண்டித்துரையும் போட்டுக்கொள்ளவில்லை. புதிதாகச் சேர்ந்த ஜோதிகா மட்டும் டாக்டருக்குப் பயந்து கையை நீட்டினாள். சித்ரகலாவோ டபுள் டூட்டி, நாளைக்கு, நோம்பி முடியட்டும் என்று விட்டுவிட்டாள். “ஊருக்கெல்லாம் சொல்ற வாயி, உன்ற கையை நீட்ட முடியலியா அம்மிணி?” என்று நான் அவள் முகத்துக்கு நேரேயே கேட்டிருக்கிறேன். சிரித்தாள்.

இனி மாமன் கதை. அவர் பெயர் நாச்சிமுத்து. சரவணக்குமாரின் அம்மா மயிலாளுக்குத் தம்பி. குன்னத்தூர்ப் பக்கம் தோட்டம். சின்ன வயதில் அப்பன் இல்லாமல் போன சரவணக்குமாரைத் தோளில் போட்டு வளர்த்து, தையல் மெஷின் வாங்கிக் கொடுத்து ஆளாக்கினவர். கிட்னி போய் இரண்டு வருஷமாக இங்கேதான் டயாலிசிஸ். சித்ரகலா அவரைச் சித்தப்பா என்று கூப்பிடுவாள், அவர் அவளைக் கண்ணு என்பார். அந்த வாரம் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டதென்று அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். நெருப்பெரிச்சலில் ‘மூச்சு வாங்குது’ என்று கிளம்பிய சேதி குன்னத்தூர் போவதற்குள் ‘மூச்சு நிக்கப் போகுது’ என்று ஆகிவிட்டது.

எங்கள் ஜனத்தில் ஆஸ்பத்திரியில் படுத்தவனைப் பார்க்கப் போகாதவன் பிறகு எந்த நல்லது கெட்டதுக்கும் தலைகாட்ட முடியாது. ‘எட்டிக்கூடப் பாக்கல’ என்று பேரன் காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். அதனால் காய்ச்சலோடாவது வந்து, கையைப் பிடித்து, நெற்றியைத் தொட்டு, ஆரஞ்சுப் பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். கிட்னிக்காரருக்கு ஆரஞ்சு ஆகாது என்பதைக் கேட்க யாருக்கும் பொழுதில்லை.

மத்தியானத்துக்கு மேல் இரண்டு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். மழைக்கு ஒதுங்கி என் கடையில்தான் நின்றார்கள். பால் சட்டி அடுப்பை விட்டு இறங்கவே இல்லை. பஃப்ஸ் தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. பேச்சு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

“ரெண்டு நாளா கண்ணுலயே காட்டலீங்க. கட்டுன பொண்டாட்டி என்னையே வெளிய உக்காத்தி வெச்சுட்டா” என்று நாச்சிமுத்துவின் மனைவி வேலாத்தாள் மூக்கைச் சிந்தினாள்.

“பொறந்தவ நான் வந்திருக்கறேன், எனக்குமா கதவு? அவ என்ற மருமவளா, இல்ல ஜெயிலரா?” என்றாள் மயிலாள்.

தலையில் சிவப்புத் துண்டு கட்டிய ஒருத்தன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். “அக்கா, தப்பா நெனைக்காதீங்க. ஆள் போயிருந்தாத்தான் கதவைச் சாத்துவாங்க. செத்தவனை வெச்சுக்கிட்டுப் பில்லுப் போடறது எல்லா ஊர்லயும் நடக்கறதுதானுங்.”

“வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு? காலையில அந்த மனுசன் என்ற கடை பன்னு கேட்டு அனுப்பிச்சாரு” என்று நான் கத்தினேன்.

யார் காதில் விழும்? மயிலாள் அதற்குள் “என்ற பொறப்பே” என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். ஒருத்தி அழுதால் போதும், மற்றவர்களுக்குக் காரணம் தேவையில்லை.

அப்போதுதான் சரவணக்குமார் பைக்கில் வந்து இறங்கினான். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாக இருந்தன. என்னிடம் தண்ணீர் வாங்கி, சட்டைப் பையிலிருந்து இரண்டு மாத்திரையைப் போட்டு விழுங்கினான். பைக்கில் ஒரு அட்டைப்பெட்டி கட்டி வைத்திருந்தான். கொரோனா சமயத்தில் அவன் யூனிட்டில் தைத்து மீந்துபோன மாஸ்க்குகள். பனியன் துணியில் வெட்டி, ஓரம் அடித்தவை.

“ஆளுக்கொண்ணு மாட்டுங்க. மாஸ்க் இல்லீன்னு சொல்லித்தான தடுப்பா? இப்ப என்ன சொல்றான்னு பாக்கலாம்” என்றான்.

கலியாணத்தில் தாம்பூலப் பை வாங்குகிற மாதிரி எல்லோரும் வாங்கி மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்கள். மாடியில் இருக்கிற சிஸ்டர்களுக்கு டீ கொண்டுபோகிற நேரம் அது. நானும் பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

டயாலிசிஸ் ரூம் கதவின் மேல்பாதி கண்ணாடி. உள்ளே நாச்சிமுத்து கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி அசையாமல் கிடந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் பெரியகருப்பன், சாயப்பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்த சிவகங்கைக்காரர். அவருக்கு ஒறம்பரை என்று யாரும் வந்து நான் பார்த்ததில்லை. சித்ரகலா வெளியே வந்து, கதவை முதுகால் சாத்திக்கொண்டு நின்றாள்.

“சித்தப்பா நல்லா இருக்காருங்க. தூங்கறாரு. கண்ணாடி வழியா ஒவ்வொருத்தராப் பாத்துட்டுப் போயிருங்க.”

“எல்லாரும் மாஸ்க் போட்டிருக்கறோம். தள்ளு” என்றான் சரவணக்குமார்.

அவள் அவன் கையில் மீதியிருந்த ஒரு மாஸ்க்கை எடுத்து, டியூப் லைட்டுக்கு நேரே இழுத்துப் பிடித்தாள். துணிக்குள் விளக்கு பளிச்சென்று தெரிந்தது.

“பனியன் துணிங்க. இழுத்தா ஓட்டைதான். நீங்க தெச்சதுதான, உங்களுக்குத் தெரியாதா?”

“ஊருக்கே நாங்கதான் மாஸ்க் தெச்சுக் குடுத்தோம். எனக்கே பாடம் நடத்தறியா?”

அவள் மாஸ்க்கை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். புறங்கையை அவன் கழுத்தில் வைத்தாள். வீட்டில் தொடுகிற பழக்கத்தில் தொட்டுவிட்டாள் போலிருக்கிறது.

“வேர்த்து ஊத்துது. மாத்திரை போட்டுக் காய்ச்சலை அமுக்கிட்டு வந்திருக்கீங்க. இது பஞ்சு இல்லீங்க. நீங்க உள்ள போனீங்கன்னா சித்தப்பாவை நீங்களே கொண்டுபோட்ட மாதிரிதானுங்க.”

அத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்ததுமே நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அடுத்த நொடி அவன் கை வீசியது. மோதிரம் உதட்டில் பட்டு, மாஸ்க் காதிலிருந்து அறுந்து, அவள் தலை கதவுக் கைப்பிடியில் போய் மோதியது. வெள்ளைக் கோட்டில் ரத்தம் சொட்டியது. அவள் அழவில்லை. கதவைத் தள்ளி உள்ளே நுழைந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டாள்.

“புருசனுக்கே கதவைச் சாத்தறா பாருங்க! உள்ள ஆள் இல்லீங்க, பொணந்தான் கெடக்குது!” என்று சிவப்புத் துண்டுக்காரன் கூவினான்.

அவ்வளவுதான். வேலாத்தாள், வராண்டா துடைத்துக்கொண்டிருந்த செல்லத்தாயின் கொண்டையைப் பிடித்து இழுத்தாள். செல்லத்தாய் கோவில்பட்டிக்காரி, வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. துடைப்பக் கட்டையால் வேலாத்தாளின் முழங்காலிலேயே ஒன்று வைத்தாள்.

“ஏத்தா, முடிய விடு! ஒம் புருசன் இப்பத்தான எங்கிட்ட வெத்தலை கேட்டாரு! உசுரோட இருக்க மனுசனுக்கு ஒப்பாரி வைக்கீகளே, வெளங்குவீகளா?”

ஒருத்தன் சலைன் ஸ்டாண்டைத் தூக்கிக் கதவில் அடித்தான். சரவணக்குமார் இரும்பு ஸ்டூலைத் தலைக்கு மேலே தூக்கி வீசினான். கண்ணாடி முழுசாக உடைந்து உள்ளே கொட்டியது. கட்டிலில் கிடந்தவர்கள் அலறினார்கள். கையில் ஊசி, ஊசியில் ரத்தக் குழாய். எழுந்து ஓடவும் முடியாது, திரும்பிப் படுக்கவும் முடியாது. அந்த அலறல் இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை.

சரவணக்குமார் உடைந்த இடத்தில் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் திறக்கப் போனான். சித்ரகலா உள்ளேயிருந்து அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இவன் இழுக்க, அவள் பிடிக்க, கண்ணாடி விளிம்பு அவன் முழங்கையைக் கிழித்தது. ரத்தம் கதவு வழியாக ஒழுகியது. அவள் பிடியை விடவில்லையே! இன்னொரு கையை உள்ளே விட்டு அவள் முகத்திலேயே குத்தினான். ஒன்று, இன்னொன்று. குத்திக்கொண்டே இருமல் வந்துவிட்டது. மாஸ்க் இல்லாத அவள் முகத்தில் இருமித் தீர்த்தான். அப்போதும் அவள் கையை விடவில்லை.

“சித்தப்பா மூச்சே இப்பத்தான் சீரா வந்திருக்குதுங்க... வேண்டாங்க... வேண்டாங்க...” என்று சொல்லிக்கொண்டே பிடித்திருந்தாள்.

நான் பிளாஸ்க் மூடியைத் திருகினேன். கொதிக்கிற டீயை அவன் பிடரியில் கவிழ்த்தேன். அதற்காக இன்றுவரை எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, டீத்தூள் நல்ல தூள் என்பது தவிர. அவன் ஐயோ என்று கையை உருவிக்கொண்டான். பின்னாலிருந்து எவனோ என் இடுப்பில் உதைத்தான். நான் கண்ணாடித் தூள் மேலே முழங்கால் பதிய விழுந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

“எவன்டா அவன்! டேய் சரவணா! நான் இன்னும் சாகலடா!”

நாச்சிமுத்து தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மயிலாளின் ஒப்பாரி பாதி வரியில் நின்றது. சிவப்புத் துண்டுக்காரனைத் திரும்பிப் பார்த்தேன், ஆளைக் காணோம். படிக்கட்டில் இறங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொருத்தராகத் தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்கள். சரவணக்குமார் மட்டும் ரத்தக் கையைச் சட்டையில் சுருட்டிக்கொண்டு திரும்பி நின்று சொன்னான்.

“இனி நீ ஊட்டுப் படி ஏறுனீன்னா காலை ஒடிச்சுப்போடுவேன்.”

டாக்டர் சுரேஷ் அதற்குப் பிறகு வந்தார். நல்ல மனுஷன்தான், சண்டை முடிந்த பிறகு வருகிற நல்ல மனுஷன். போலீசுக்குச் சொல்லுங்கள் என்றேன். ஆஸ்பத்திரி பேர் கெட்டுவிடும் அக்கா என்றார். முதலில் உள்ளே போய் ஜோதிகாவோடு ஒவ்வொரு கட்டிலாகக் கண்ணாடித் துண்டைப் பொறுக்கினார். பிறகு சித்ரகலாவைப் பக்கத்து ரூமில் உட்கார வைத்து உதட்டில் தையல் போட்டார். நான் அவள் கன்னத்து ரத்தத்தைத் துடைக்கக் கையை வைத்தேன். அடுப்புக்கல் மாதிரி சுட்டது.

“அம்மிணி, உனக்கும் காய்ச்சல் அடிக்குது!”

அவளே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தெர்மாமீட்டரை வைத்தாள். பார்த்துவிட்டு அதை என்னிடம் நீட்டவில்லை, டாக்டரிடம் நீட்டினாள்.

“காலையில இருந்து கைகால் ஒடைச்சல்தானுங்க டாக்டர். டபுள் டூட்டி அசதின்னு நெனச்சுட்டேன். ஊசியும் போட்டுக்கல.” அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அத்தனை குத்துக்கு வராத அழுகை.

டாக்டர் தலையைச் சொறிந்தார். “பாண்டித்துரையும் காய்ச்சல்ல கெடக்கறான். ஜோதிகா சின்னப் பொண்ணு. இன்னைக்கு ஒரு பொழுது டபுள் மாஸ்க் போட்டுச் சமாளிச்சிருங்க சிஸ்டர். யாருக்குத் தெரியப் போகுது?”

சித்ரகலா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். தையல் போட்ட உதட்டோடு மெல்லத்தான் பேச முடிந்தது.

“அப்பறம் அவரை எதுக்குங்க வெளிய நிறுத்துனேன்? அவருக்கு ஒரு ஞாயம், எனக்கு ஒரு ஞாயமாங்க?”

அவளே வழியும் சொன்னாள். “நீங்க ஜோதிகா பக்கத்துல நில்லுங்க டாக்டர். நான் போன்ல சொல்றேன்” என்று எழுந்து, புது மாஸ்க் மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லியாயிற்று. எங்கே போவாள்? என் கடை மாடியில் மைதா மூட்டை அடுக்குகிற ரூம் ஒன்று உண்டு. அங்கே வா என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

கடையில் ஒறம்பரை மொத்தமும் மழைக்கு ஒதுங்கி நின்றது. சரவணக்குமார் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

“எங்கடி வாரே?”

அவள் ரோட்டோரம் மழையிலேயே நின்றுவிட்டாள்.

“யாரும் கிட்ட வராதீங்க. எனக்கும் காய்ச்சலுங்க. அதான் நானும் வெளிய வந்துட்டேன்.”

“ஆஹா!” என்று மயிலாள் கையைத் தட்டினாள். “எங்களையெல்லாம் சீக்குன்னு சொல்லித் தொரத்துனவ, நீ சீக்கோட உள்ள இருந்தியாக்கும்?”

“இருந்தேனுங்க அத்தை. தெரியாம இருந்துட்டேன். தெரிஞ்சதும் வந்துட்டேன்.”

“நீ யாருகிட்ட வாங்கிட்டு வந்தே?”

அப்போது சரவணக்குமார் இருமினான். அடிவயிற்றிலிருந்து விடாமல் இருமினான். பஞ்சு என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருத்தராக அவனை விட்டுத் தள்ளி நின்றார்கள். அவனைப் பெற்றவளும் ஒரு எட்டுப் பின்னால் போனாள்.

டாக்டர் பிறகு ஒரு யோசனை சொல்லியனுப்பினார். இரண்டு பேருக்கும் ஒரே காய்ச்சல், கீழ்த்தளத்தில் ஒரு ரூம் ஒதுக்குகிறேன், சேர்ந்து இருந்துகொள்ளட்டும் என்றார். கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் அந்தச் சேதியைக் கொண்டுவந்த பையனையே திட்டித் தீர்த்துவிட்டேன். உதட்டைக் கிழித்தவனோடு ஒரே ரூமா! சித்ரகலா மாடிப்படியில் நின்று சொன்னாள்.

“அவரோட ஒரே ரூம்பு வேண்டாங்க்கா. காய்ச்சலுக்குப் பயந்து சொல்லலீங்க.”

மைதா மூட்டைகளுக்கு நடுவில் பாயை விரித்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து போனைக் காதில் வைத்துக்கொண்டாள். “ஜோதிகா, பயப்படாத கண்ணு. மொதல்ல ரத்தம் இழுக்கற பம்ப்பைக் கொறை. சித்தப்பா பிரஷர் எவ்வளவு காட்டுது?” என்று நடுங்கிக்கொண்டே கேட்டாள். பொழுது இறங்குவதற்குள் எல்லோரையும் மெஷினிலிருந்து பத்திரமாக இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் போனை வைத்தாள். வைத்த இடத்திலேயே சாய்ந்துவிட்டாள்.

மாத்திரையும் ரசமும் அரிசிம்பருப்புச் சோறும் கதவுக்கு வெளியே வைப்பேன். நான் படியிறங்கின பிறகுதான் கதவு திறக்கும். சரவணக்குமார் அவன் யூனிட்டிலேயே துணி மூட்டை மேல் படுத்துக் கிடந்தான் என்று கேள்விப்பட்டேன். காய்ச்சல் விட்டதும் கையில் கட்டோடு வந்து, என் மாடிப்படியில் ஏறிக் கதவைத் தட்டினான். நான் கீழே அடுப்பில் கொதிக்கிற பாலோடு தயாராக நின்றேன்.

“சித்ரா, கதவைத் தொற. நோம்பி வருது. ஊட்டுக்குப் போலாம்.”

“காய்ச்சல் விட்டு ஒருநாள் தாண்டணுமுங்க.”

“ரெண்டு பேருக்கும் வந்து போயிருச்சு. இனி ஆருக்கு ஆரு குடுக்கப் போறோம்?”

“காய்ச்சல் போயிருமுங்க” என்றாள் அவள். கதவு திறக்கவில்லை. பிறகு செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

அதற்கு நடுவில் பெரியகருப்பனுக்குக் காய்ச்சல் கண்டது. கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சு அடைத்து, தீபாவளிக்கு முந்தின நாள் போய்விட்டார். சித்ரகலாவிடமிருந்து ஒட்டியதா, உடைந்த கண்ணாடி வழியாக இவன் இருமினதா, வேறு யாராவதா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. செல்லத்தாய் வந்து என் மாடிப்படியில் உட்கார்ந்து, சாத்தின கதவைப் பார்த்துச் சேதியைச் சொன்னாள். அன்றைக்கு வைத்த சோறு வைத்தபடியே இருந்தது.

காய்ச்சல் முழுசாகப் போன பிறகு அவள் டூட்டிக்குத் திரும்பினாள். முதல் வேலையாக ஃப்ரிட்ஜிலிருந்த ஊசியை எடுத்துத் தன் கையை ஜோதிகாவிடம் நீட்டினாள். செல்லத்தாய், பாண்டித்துரை, வாட்ச்மேன் எல்லோரும் பின்னாலேயே வரிசையில் நின்றார்கள். சும்மா வேடிக்கை பார்த்த எனக்கும் ஒன்று போட்டுவிட்டாள். இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை, கடைப் பையனிடம் அதற்கும் எரிந்து விழுந்தேன்.

நோம்பி கழிந்து ஒருநாள் சரவணக்குமார் மாடிக்கு வந்தான். தனியாக வந்தான். நான் வழக்கம்போல டீயோடு வராண்டாவில் நின்றேன். கண்ணாடி உடைந்த இடத்தில் அட்டை வைத்து ஒட்டியிருந்தது. அவன் கதவுக்கு முன்னால் நின்று, “மாமனைப் பாக்கலாமுங்களா?” என்று கேட்டான். பெண்டாட்டியை அவன் ‘ங்க’ போட்டுப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

சித்ரகலா காய்ச்சல் பார்க்கிற மெஷினை அவன் நெற்றிக்கு நேரே காட்டிச் சூடு பார்த்தாள். “இருமல் இருக்குதுங்களா?” என்றாள். இல்லை என்றான். கையைக் கழுவச் சொன்னாள், சரியான மாஸ்க் ஒன்று கொடுத்தாள். “ஒருத்தர்தான். சீக்கிரம் வந்துருங்க” என்று கதவைத் திறந்துவிட்டாள். யாரோ ஒரு நோயாளியின் ஆளிடம் பேசுகிற மாதிரிதான் பேசினாள்.

நாச்சிமுத்து மெஷினில் இருந்தார். இவன் கட்டிலோரம் போய், “மாமா” என்று குனிந்தான். அவர் ஊசி இல்லாத கையைத் தூக்கினார். தலையைத் தடவப் போகிறார் என்று நினைத்தேன். பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டார். மாஸ்க் விலகிப்போகிற அடி.

“பக்கத்துக் கட்டிலைப் பாருடா. பாத்தியா? காலிடா! என்னைப் பாக்கறதுக்கு அந்த மனுசனைக் கொன்னுட்டியேடா!”

உடம்பு குலுங்கினதில் குழாய் ஆடி, மெஷின் கூக்கூவென்று கத்த ஆரம்பித்தது. இவன் கன்னத்தைக்கூடத் தொடாமல் நின்றான். எனக்கு, சொல்வதற்கென்ன, மனசு குளிர்ந்தது. இன்னொன்று போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

சித்ரகலா ஓடிவந்து குழாயை நேராக்கினாள். நாச்சிமுத்துவின் ஓங்கின கை இன்னும் இறங்கவில்லை.

“அந்தக் காய்ச்சல் என்னாலயும் வந்திருக்கலாமுங்க சித்தப்பா” என்றாள். “அன்னைக்கு அந்த ஐயாவுக்கு ஊசி குத்துனது நான்தான். அடிக்கறதுன்னா என்னையும் அடிங்க.”

“கண்ணு, உன்னைப் போயி...”

“கையை எறக்குங்க. பெரியகருப்பன் ஐயா பேரைச் சொல்லிக்கூட அடிக்கத்தான் செய்வீங்களா? உங்க ஊட்டுல எல்லாத்துக்கும் கைதானுங்களா?”

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. கிழவர் கையை மெல்ல இறக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். சொல்ல வாயெடுத்த நானும் வாயை மூடிக்கொண்டேன். பிடரியில் டீ ஊற்றின கை எனக்கும் இருக்கிறதே.

அவள் பட்டனை அமுக்கினாள். மெஷின் கத்துவது நின்றது.

“பாத்தாச்சில்லீங்க, கிளம்புங்க” என்று புருஷனிடம் சொன்னாள். அவன் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு வெளியே போனான். அவள் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அன்றைக்குச் சாயங்காலம் டூட்டி முடிந்ததும் ரோட்டைத் தாண்டி என் மாடிக்குத்தான் வந்தாள்.